பாரிஸ்–ஏதென்ஸ் ஃப்ளைட் தாமதம்: 250 யூரோ தருகிறோம் என்றால் தலையாட்டிவிடாதீர்கள்

ஐரோப்பாவுக்குள் கனெக்ஷன் ஃப்ளைட்டில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். எனக்கும் அம்மாவுக்கும் வரவேண்டிய பணத்தை ஒரு விமான நிறுவனம் கணக்கைத் திரித்து விழுங்கப் பார்த்தது.

பாரிஸிலிருந்து ரோம் வழியாக ஏதென்ஸ், ஒரே டிக்கெட். ரோமில் ஏதோ இயந்திரக் கோளாறு என்று உட்கார வைத்துவிட்டார்கள். மாலை 5.35-க்குப் போய்ச் சேர வேண்டியது, சக்கரம் தரையைத் தொட்டபோது 8.29. அதன் பிறகும் படிக்கட்டு வண்டி வரவில்லை. எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நெருக்கியடித்து நிற்கிறோம். அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. கதவு திறந்தபோது 8.41. நேரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்தேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியும் அதையொட்டிய தீர்ப்புகளும் சொல்வது இது: நிறுவனத்தின் பொறுப்பில் வரும் காரணத்தால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் நஷ்டஈடு உண்டு. 1,500 கி.மீ. வரை 250 யூரோ. அதைத் தாண்டினால், ஒன்றியத்துக்குள் 400. சாதாரண இயந்திரக் கோளாறைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று 2008-லேயே தீர்ப்பு வந்துவிட்டது.

எங்களுக்கு வந்த முதல் பதில், "தரையிறங்கியதில் தாமதம் 2 மணி 54 நிமிடம்தான், ஒன்றும் தர முடியாது." அப்பட்டமான ஏமாற்று. சால்ஸ்பர்க்–கொலோன் வழக்கில் விமானம் 2 மணி 58 நிமிடம் தாமதமாகத் தரையைத் தொட்டு, 3 மணி 3 நிமிடத்தில் நிறுத்துமிடம் சேர்ந்தது. கதவு திறந்து பயணிகள் இறங்கலாம் என்கிற நேரம்தான் கணக்கு என்று 2014-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதை எழுதி, போட்டோவையும் அனுப்பியதும் பேச்சு மாறியது. தாமதமானது ரோம்–ஏதென்ஸ் விமானம்தானே, அது 1,500-க்குள் வருகிறது, ஆளுக்கு 250 வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கால் சென்டரில் பேசியவர் அவ்வளவு நயமாகச் சொன்னார், விவரம் தெரியாதவர்கள் நன்றி சொல்லி வாங்கியிருப்பார்கள். அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது. ஒரே புக்கிங் என்றால் புறப்பட்ட ஊரிலிருந்து கடைசி ஊர்வரை நேர்க்கோட்டில் அளக்க வேண்டும் என்பது 2017 தீர்ப்பு. பாரிஸ்–ஏதென்ஸ் சுமார் 2,100 கி.மீ. ஆக, 400. (சுற்றிப் பறந்த தூரத்தைக் கூட்டி நாமும் அதிகம் கேட்க முடியாது, அதுவும் அதே தீர்ப்பில் இருக்கிறது.)

இன்னொன்று. டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். ஏதென்ஸ் பாரிஸுக்கு ஒரு மணி நேரம் முந்தி. ஏரோப்ளேன் மோடில் இருக்கும் போன் பழைய ஊர் நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும், மாற்றிவிட்டு போட்டோ எடுங்கள்.

எனக்கு 400 வந்துவிட்டது. அம்மாவுக்கு மட்டும் 250 போட்டிருக்கிறார்கள். அதே டிக்கெட், பக்கத்து சீட்! மீதி 150-க்கு மறுபடி எழுதியிருக்கிறேன். பிரான்ஸில் கேட்பதற்கு ஐந்து வருட அவகாசம் உண்டு, விடப்போவதில்லை.