அட்லாண்டிக்கின் இரு கரைகள்: ஒரு முதுகலைப் படிப்பின் மதிப்புரை

ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையிலான அரசியலையும் வணிகத்தையும் பண்பாட்டையும் ஒருசேரக் கற்பிக்கும் முதுகலைப் படிப்புகள் இரு கண்டங்களிலும் உள்ள சில பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு பெயர்களில் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றை ஜெர்மனியில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்து முடித்திருக்கிறேன். நாகர்கோவிலில் வெளிநாட்டுப் படிப்பு என்று பேச்செடுத்தால் பொறியியலும் செவிலியமும்தான் முதலில் வரும் என்பதால், வரலாறு படித்த ஒருத்தி இப்படியொரு படிப்புக்குப் போகிறாள் என்றதும் தக்கலையில் இருக்கும் என் பெரியப்பா, “அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும் மக்களே?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்; படிப்பின் தரத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான்கு பருவங்கள், 120 கிரெடிட்கள், இறுதியில் ஓர் ஆய்வேடு என்பது அதன் அமைப்பு. ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதில் பெரும்பங்கு வகுப்பறைக்கு வெளியே, நூலகத்தில் கழிகிறது. மனப்பாடம் செய்து எழுதும் தேர்வு ஏறத்தாழ இல்லை. ஒவ்வொரு கருத்தரங்கின் (செமினார் வகுப்பின்) முடிவிலும் நாமே ஒரு கேள்வியை வகுத்துக்கொண்டு, அதற்குச் சான்றுகளுடன் கட்டுரை எழுதித் தர வேண்டும். இன்டர்னலும் செமஸ்டர் தேர்வும் எழுதிப் பழகிய நம் மாணவர்களுக்கு முதல் பருவம் கடினமாகவே இருக்கும். கேள்விக்குப் பதில் எழுதத் தெரிந்தவர்களைக் கேள்வியையே எழுதச் சொன்னால் வேறென்ன நடக்கும்?

இந்தப் படிப்பில் மிகச் சிறந்த பகுதி மூல ஆவணங்களை வரிக்கு வரி வாசிக்கும் கருத்தரங்குதான். எடுத்துக்காட்டாக அட்லாண்டிக் சாசனத்தைக் கூறலாம். அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்பகுதியில் சந்தித்து 1941 ஆகஸ்ட் 14 அன்று வெளியிட்ட அந்தச் சிறிய அறிக்கையின் மூன்றாம் கூறு, தாங்கள் எந்த ஆட்சியின் கீழ் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்கிறது. அடுத்த மாதமே, செப்டம்பர் 9 அன்று, அது முதன்மையாக நாஜிகளின் பிடியில் சிக்கிய ஐரோப்பிய நாடுகளைக் குறித்தது என்றும், பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட நாடுகளின் நிலை வேறு என்றும் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கினார். 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் தம் வானொலி உரையில் சாசனம் உலகம் முழுமைக்கும் பொருந்தும் என்றார். அதே ஆண்டு ஜூலை முதல் நாளில் காந்தி ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிய கடிதம், இந்தியாவும் ஆப்பிரிக்காவும் சுரண்டப்படும் வரையிலும் அமெரிக்காவுக்குள்ளேயே கறுப்பின மக்களின் பிரச்சினை தீராத வரையிலும் நேச நாடுகளின் விடுதலை முழக்கம் வெற்றொலியாகவே கேட்கும் என்று பணிவான சொற்களில் இடித்துரைக்கிறது. இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தபோது, நட்பு நாடுகள் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடும் இரு அரசுகளுக்குள் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பது விளங்கியது. பேராசிரியர் குறைவாகப் பேசி மாணவர்களை மோதவிட்ட வகுப்பு அது. கட்டணம் கொடுத்துப் படிக்கும் படிப்பாக இருந்திருந்தாலும் அதற்காக மட்டுமே கொடுத்திருக்கலாம்.

பாதுகாப்பு, பொருளாதாரம் பற்றிய பாடங்கள் ஒழுங்காக நடந்தன; வியப்பு எதுவும் இல்லை. போருக்குப் பின் மேற்கு ஐரோப்பாவை மீட்க அமெரிக்கா மார்ஷல் திட்டத்தில் அளித்த ஏறத்தாழ 1,300 கோடி டாலர், 1949இல் பன்னிரண்டு நாடுகளுடன் தொடங்கி 2024இல் ஸ்வீடன் சேர்ந்தபோது முப்பத்திரண்டாக வளர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணி, 1966இல் அதன் ஒருங்கிணைந்த படைத் தலைமையிலிருந்து பிரான்ஸை வெளியேற்றிய பிரெஞ்சு அதிபர் டி கால், 2003 ஈராக் போரால் நேர்ந்த பிளவு என்று வரிசையாகச் சென்றன. தனிநபர் தரவுகளை அமெரிக்காவுக்கு அனுப்புவதற்கான உடன்பாடுகளை ஐரோப்பிய நீதிமன்றம் 2015இலும் 2020இலும் செல்லாதவையாக்கியதைப் பற்றிய பாடம் மட்டும் புதிதாக இருந்தது. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கின் ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் அன்றாடம் கையாளும் விதிகளின் வேர் அங்கே இருக்கிறது.

பண்பாட்டுப் பகுதி பெயரளவில் பாதி. நடப்பில் அதைவிடக் குறைவு. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு ஜாஸ் கலைஞர்களைத் தூதர்களாக அனுப்பிய வரலாறு சுவையாகக் கற்பிக்கப்பட்டது. 1956இல் டிஸ்ஸி கில்லெஸ்பியில் தொடங்கி, 1958இல் டேவ் புரூபெக் குழு போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று சுற்றியது வரை இசைத்தட்டுகளுடன் கேட்டோம். தம் நாட்டில் சம உரிமை மறுக்கப்பட்ட கலைஞர்களை விடுதலையின் முகமாக வெளிநாட்டில் நிறுத்திய முரணைப் பேராசிரியை மழுப்பவில்லை. ஆனால் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றிய அடிமை வணிகத்துக்கு ஒரே வாரம் ஒதுக்கப்பட்டிருந்ததை எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. அட்லாண்டிக் பண்பாடு என்று ஒன்று உண்டென்றால் அதன் அடித்தளமே அந்தக் கப்பல்களில்தான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை, அட்லாண்டிக்கைச் சுற்றுச்சுவர் எழுப்பிய குளமாகவே பாடத்திட்டம் பார்ப்பதாகும். அதன் அலைகள் நம் கரையிலும் அடித்திருக்கின்றன. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டறிந்து, அதன் தடம் பிடித்து நம் மாவட்டக் கடற்கரையில் உள்ள மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேன்டிலுக்கு வேண்டிய தோரியம் அந்த மணலில் இருந்தது. அதுவரை அதற்கு பிரேசிலையும் அமெரிக்காவின் கரோலைனா மாநிலங்களையும் நம்பியிருந்தார்கள். 1944இல் அணு ஆற்றலுக்கு உதவும் யுரேனியத்தையும் தோரியத்தையும் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவர அமெரிக்காவும் பிரிட்டனும் கூட்டு அமைப்பொன்றை நிறுவியபோது, அவர்களின் கணக்கில் திருவிதாங்கூர்க் கடற்கரையும் இருந்தது. நாகர்கோவிலுக்குள் நடந்தாலே லண்டன் மிஷன் வளர்த்த கல்விக்கூடங்களும், அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் தொடங்கிய மிசோரி லூத்தரன் சபையின் பணியிலிருந்து வந்த திருச்சபைகளும் கண்ணில் படுகின்றன. இவற்றில் ஒன்றுகூடப் பாடத்திட்டத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியாகாது. ஆனால் இப்படி ஒரு கேள்வியை மாணவர் கொண்டுவந்தால் வரவேற்கும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

மணவாளக்குறிச்சி மணலையே நான் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒதுக்கப்பட்ட நெறியாளர் இது ‘இந்தியப் பிராந்தியப் படிப்பு’ என்று முதலில் ஒதுக்கினார். பின்னர் ஒப்புக்கொண்டாலும் வரைவுகளைப் படித்துத் திருப்பித் தருவதில் காட்டிய தாமதம் எரிச்சலூட்டியது. அதற்கு ஈடாக நூலகம் காப்பாற்றியது. தம்மிடம் இல்லாத நூலை வேறு ஊர் நூலகங்களிலிருந்து தருவித்துக் கொடுத்தார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பழைய கடிதப் போக்குவரத்து தொகுதிகளாக இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிரிட்டிஷ் தரப்பு ஆவணங்களுக்கு லண்டன் செல்ல வேண்டும். நம் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், உள்ளூர்த் தரப்பைத் தேடுபவர் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். நாகர்கோவிலிலிருந்து காலையில் ரயிலேறி மாலையில் திரும்பிவிடலாம் என்பது ஐரோப்பிய வகுப்புத் தோழர்கள் எவருக்கும் வாய்க்காத வசதி.

செலவைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பருவந்தோறும் ஒரு சிறு தொகை மட்டுமே. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கான முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன், தம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் ஏ.பி.எஸ். சான்றிதழும் பெற வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியல்களும் பட்டச் சான்றும் கைக்கு வரும் வேகத்தை எண்ணி, இந்த வேலையை இறுதிப் பருவத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

இனி பெரியப்பாவின் கேள்வி. இந்தப் பட்டம் எந்த வேலைக்கும் நேரான கதவு அன்று. உடன் படித்த ஐரோப்பியர்கள் கட்சி அலுவலகங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்கள் உள்ள பிரஸ்ஸல்ஸுக்கும் பயிற்சியாளர்களாகச் சென்றார்கள். அங்கே குடியுரிமையும் ஜெர்மன் அல்லது பிரெஞ்சு மொழியும் எடைபோடப்படுகின்றன, ஆங்கிலம் மட்டும் போதவில்லை. இந்தியாவுக்குத் திரும்பிக் கல்லூரி ஆசிரியராக விரும்புபவர்கள், இந்தப் பட்டம் எந்தத் துறையின் கீழ் வரும் என்ற சிக்கலையும் சந்திக்க நேரிடும். வரலாறா, அரசியல் அறிவியலா, ஆங்கிலமா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே இங்குள்ள விதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். முனைவர் பட்ட ஆய்வைக் குறியாகக் கொண்டவர்களுக்கும், இதழியலில் வெளிநாட்டு விவகாரம் எழுத விரும்புபவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். குடும்பக் கடனை இரண்டு ஆண்டில் அடைக்க வேண்டியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சேர முடிவு செய்பவர்கள் பாடத்திட்டக் கையேட்டில் இரண்டைப் பார்க்கட்டும்: ஆய்வேட்டு நெறியாளரை மாணவரே தேர்ந்தெடுக்கலாமா, காப்பகப் பயணத்துக்கு உதவித்தொகை உண்டா. இரண்டும் எழுத்தில் இல்லையென்றால், சேர்க்கைக் கடிதத்துக்குப் பதில் அனுப்புமுன் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.