பழைய பெயரில் தேடுங்கள்: பசிபிக் ஆவணத் தளங்களோடு நான்கு வருடம்

1918 இன்ஃப்ளூயன்சா விஷக்காய்ச்சலைப் பற்றி ஏதோ தேடப் போய்த்தான் இந்தப் பக்கம் வந்தேன். அந்த நவம்பர் 7-ஆம் தேதி ஆக்லாந்திலிருந்து காய்ச்சலோடு வந்த ‘தலூன்’ கப்பலைத் தனிமைப்படுத்தாமல், பசிபிக் தீவான சமோவாவின் அபியா துறைமுகத்தில் ஆட்களை இறங்க விட்டுவிட்டார்கள். மேற்குச் சமோவாவில் ஐந்தில் ஒருவர் செத்துப்போனார். அந்தக் காலத்துச் சமோவா செய்தித்தாளையே வீட்டில் உட்கார்ந்து படிக்கலாம் என்று தெரிந்தபின் விடுவேனா? நியூசிலாந்து தேசிய நூலகத்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ தளத்தில் ‘சமோவானிஷ் சைட்டுங்’ இருக்கிறது. காசு கிடையாது.

படங்களுக்கு நான் முதலில் போவது ‘டிஜிட்டல் பசிஃபிக்’. பல நாட்டு அருங்காட்சியகங்கள், நூலகங்களில் சிதறிக் கிடப்பதை ஒரே இடத்தில் தேடித் தரும். அசல் படம் அந்தந்தத் தளத்தில்தான் இருக்கும். சிலசமயம் சொடுக்கினால் வெற்றுப் பக்கம் வரும். தலைப்பை நகலெடுத்து உரிய அருங்காட்சியகத்தின் தளத்திலேயே தேடிவிடுவேன்.

முதல் ஆறு மாதம் நான் திணறியது பெயர்களில். வனுவாட்டு என்று போட்டால் கொஞ்சம்தான் வரும். 1980 வரை அது நியூ ஹெப்ரிடீஸ். துவாலுவுக்கு எல்லிஸ் தீவுகள், கிரிபாட்டிக்கு கில்பர்ட் தீவுகள். 1903 முதல் மதராஸிலிருந்து ஃபிஜிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கும் இதே பாடுதான். பதிவேட்டில் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்த மாதிரி எழுதியிருப்பார். முத்துசாமியை நாலைந்து ஸ்பெல்லிங்கில் போட்டுப் பாருங்கள்.

உறுத்துவது வேறொன்று. 1891-இல் சமோவாவுக்குப் போய் அங்கேயே வாழ்ந்து முடிந்த புகைப்படக்காரர் தாமஸ் ஆண்ட்ரூவின் படங்கள் வெலிங்டனின் ‘தே பாப்பா’ அருங்காட்சியகத் தளத்தில் இருக்கின்றன. பெரிதாக்கினால் பாயின் பின்னல்கூடத் தெரியும். எடுத்தவர் பெயர் இருக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவர் பல படங்களில் வெறும் ‘சமோவாப் பெண்’. ஸ்டூடியோவில் திரை கட்டி உட்கார வைத்து எடுத்தவையும் உண்டு. அதையே அன்றாட வாழ்க்கை என்று நம்பி முதலில் நானும் ஏமாந்தேன்.

ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’ தளத்தில் ‘பசிஃபிக் ஐலண்ட்ஸ் மன்த்லி’ 1930-இலிருந்து 2000 வரை கிடைக்கிறது. பழைய அச்சை மெஷின் தப்பாகப் படித்திருக்கும் என்பதால் தேடலை நம்பாமல் இதழ் இதழாகவே புரட்டுகிறேன். வெள்ளைக்கார வியாபாரி, அதிகாரிகளின் குரல்தான் பழைய இதழ்களில் ஓங்கி இருக்கும். அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். அப்புறம் அந்தக் கொப்ரா விலைப்பட்டியல்! கொப்ரா என்றால் நம் கொப்பரைதான். அதில் உட்கார்ந்தால் எனக்கு ராத்திரி பன்னிரண்டாகிவிடுகிறது.