பிரெஞ்சில் ஏ1 வந்தாச்சா? ஆப், விருந்தாளி, டெல்ஃப்

கானாடுகாத்தானில் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். சீசனில் பிரெஞ்சுக்காரர்கள் நிறையவே வருவார்கள். அவர்களுக்காகத்தான் ஒன்றரை வருடம் முன்பு பிரெஞ்சு படிக்க ஆரம்பித்தேன். ஏ1 என்கிற முதல் படியில் ஏறிவிட்டேனா என்று தெரிந்துகொள்ள போன் ஆப், விருந்தாளிகளிடம் பேசிப் பார்ப்பது, டெல்ஃப் தேர்வு என்று மூன்று வழிகளையும் முயன்று பார்த்தாயிற்று.

போன் ஆப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாலு விடையைக் காட்டி ஒன்றைத் தொடச் சொன்னால், நாலில் ஒரு தடவை குருட்டாம்போக்கில் தொட்டாலே சரியாகிவிடும்.

விருந்தாளிகளை வைத்து எடைபோடுவது சுகமாக இருக்கும். முகப்பில் நின்று, தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை என்று பிரெஞ்சில் சொன்னால் போதும், 'த்ரே பியேன்' என்று கை தட்டுவார்கள். ஆச்சி வீட்டுப் பலகாரத்தை எந்த விருந்தாளி குறை சொல்லியிருக்கிறார்? ஒருநாள் ஓர் அம்மா, இந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டார். பிரெஞ்சில் எத்தனைக்கும் எவ்வளவுக்கும் 'கோம்பியான்' என்ற ஒரே சொல்தான். அது மட்டும் காதில் விழ, நான் நுழைவுக் கட்டணத்தைச் சொன்னேன். தினமும் ஒப்பிக்கிற பன்னிரண்டு வாக்கியத்துக்கு வெளியே என் பிரெஞ்சு எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: எதிராளி மெதுவாகப் பேசி உதவியும் செய்தால் சமாளிப்பதுதான் ஏ1-க்கான வரையறையே. அதனால் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது.

என் ஓட்டு, பிரெஞ்சு அரசு சான்றிதழ் தரும் டெல்ஃப் ஏ1 தேர்வுக்குத்தான். கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. நான் இதைத் தேர்ந்தெடுத்ததே இந்த 5-க்காகத்தான். வாய் உள்ளவன் காது இல்லாமல் தப்ப முடியாது, காது உள்ளவன் நாற்பது சொல்லில் ஒரு சின்னக் கடிதம் எழுதாமல் தப்ப முடியாது.

பல்லவனைப் பிடித்துச் சென்னை போய் எழுதினேன். பேச்சில் கடைக்காரரிடம் சாமான் வாங்குவது போல நடிக்கச் சொன்னார்கள். நீ, நீங்க பார்த்தே வளர்ந்த நமக்கு 'தூ', 'வூ' ஒரு விஷயமே இல்லை. பொருளுக்கெல்லாம் ஆண்பால், பெண்பால் பார்க்கிற பிரெஞ்சில் மேசையைப் பெண்பாலாக்கித் தொலைப்பதுதான் கஷ்டம். அப்புறம் கேட்டல். ஒலிப்பதிவை இரண்டு முறை போடுவார்கள். அதில் ஒருவர் போன் நம்பர் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்வார்கள், 72-ஐ 'அறுபது பன்னிரண்டு' என்பார்கள். நான் 60 என்று எழுதி, பக்கத்தில் 12 போட்டேன். பத்து இலக்கத்துக்கான இடத்தில் பன்னிரண்டு வந்து நின்றது!

டெல்ஃப் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். டிசிஎஃப் என்று இன்னொரு பிரெஞ்சுத் தேர்வு உண்டு, அதன் முடிவு இரண்டு வருடத்துக்குத்தான். அதை நான் எழுதியதில்லை. வேறு படிகளையும் சேர்த்து ஒரே தேர்வில் அளக்கிறது என்பதால், விசா அவசரத்தில் இருப்பவருக்கு அது தோதாக இருக்கலாம்.

எனக்குப் பேச்சில் 21, கேட்டலில் 11. அந்த 11-ஐப் பார்த்ததிலிருந்து ராத்திரி சாப்பிட்டதும் எண்களைக் கேட்டு எழுதிப் பழகுகிறேன். நேற்றுகூட 92-க்கு 80, 12 என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன்.