மலையில் கார் கண்ணாடிக்கு ஃபிலிம்: நாமே ஒட்டுவதா, கோவைக் கடையில் கொடுப்பதா?

"இந்தக் குளிருக்கு எதுக்குங்க கூலிங் பேப்பர்?" குன்னூரில் யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். குளிர் வேறு, வெயில் வேறு. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிரின் வலு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர், ஊட்டி 2,240. மேகம் இல்லாத பிப்ரவரி மதியத்தில் கோத்தகிரி ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், காற்று சில்லென்று இருக்கும், வலது கை மட்டும் எரியும். முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் அடுக்கு வைத்துச் செய்தது, அதனால் புற ஊதாவில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும். கதவுக் கண்ணாடியில் அந்த அடுக்கு இல்லை. தோல் கறுப்பதும் சீட் துணி வெளுப்பதும் அந்த வழியாகத்தான்.

ஆகவே எனக்கு வேண்டியது நான்கு கதவுக்கும் நல்ல ஃபிலிம், அவ்வளவுதான். நான் வீட்டு ஷெட்டில் வைத்து நானே ஒட்டினேன். அதே சமயத்தில் என் மச்சான் தன் வண்டியைக் கோவைக்குக் கொண்டுபோய் ஒரு கடையில் ஒட்டிக்கொண்டு வந்தார். இரண்டு வண்டியும் ஒரே வாசலில், ஒரே பனியில் நிற்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு என் ஓட்டு நாமே ஒட்டுவதற்குத்தான், அதாவது கதவுக் கண்ணாடி வரைக்கும்.

எந்த வழியில் போனாலும் சட்டத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீத வெளிச்சமும் உள்ளே வர வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், எந்த அளவாக இருந்தாலும் கண்ணாடி மேல் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிறகு விதி திருத்தப்பட்டு, 2021 ஏப்ரல் முதல் உள்பக்கம் பிளாஸ்டிக் பதித்த கண்ணாடிக்கும் இடம் கிடைத்தது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70-50 அளவு குறையாத ஃபிலிமுக்கு அபராதம் போடக் கூடாது என்றது. ஆனால் அது கேரளத் தீர்ப்பு. பர்லியாறு சோதனையில் நிறுத்தி "உரிச்சிடுங்க" என்றால் ரோட்டில் நின்று வாதாட முடியாது. இது தெரிந்தே இறங்க வேண்டும்.

இன்னொரு கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 50 என்று போட்ட ஃபிலிம், அதாவது 50 சதவீத வெளிச்சத்தை விடும் ஃபிலிம் வாங்கினால் 50 கிடைக்காது. கம்பெனிக் கண்ணாடியே லேசான பச்சை, அதன் வழியாக வருவதே முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 50 ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 37 சதவீதம்தான். 70 ஃபிலிம் ஒட்டினால் 52, பக்கக் கண்ணாடிக்குச் சரி. பின் கண்ணாடிக்கு 70 வேண்டும் என்பதால் அங்கே அந்த ஃபிலிமும் கூடாது. சட்டம் இருக்கட்டும், ராத்திரி மூடுபனியில் கொண்டை ஊசி வளைவில் வலப்பக்கம் திரும்பும்போது ஹெட்லைட் வளைவுக்கு வெளியே அடிக்கும், நம் கண் தேடுவது வலது கதவுக் கண்ணாடி வழியாக. அங்கே காட்டுமாடு நின்றால் கறுப்புக் கண்ணாடியில் தெரியவே தெரியாது. மலையில் இருப்பவர்கள் கறுப்பு ஃபிலிமை நினைக்கவே வேண்டாம். கிட்டத்தட்டத் தெளிவாகவே இருக்கும் ஃபிலிம்களும் 99 சதவீதம் புற ஊதாவைத் தடுக்கின்றன. நிறம் பார்த்து வாங்காதீர்கள், அட்டையில் உள்ள வெளிச்ச அளவையும் புற ஊதாத் தடுப்பு அளவையும் பார்த்து வாங்குங்கள்.

செலவு, நேரம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நாமே ஒட்டினால் கூலி மிச்சம், டீசல் மிச்சம். கடையில் கொடுத்தால் அரை நாளில் வேலை முடியும், நாமே ஒட்டினால் ஒரு சனி, ஞாயிறு போகும். நேர்த்தியில் கடைதான் மேல், மறுக்கவில்லை. தூசி இல்லாத அறை, மெஷின் வெட்டிய ஓரம், தினமும் அதே வேலை செய்யும் கை. மச்சான் வண்டி வந்த அன்று பார்த்தவர்கள் அதைத்தான் மெச்சினார்கள்.

ஆனால் மலையில் ஃபிலிமின் ஆயுளைத் தீர்மானிப்பது ஒட்டிய நாள் இல்லை, ஒட்டிய பிறகு வரும் வாரங்களும் அதற்கப்புறம் வரும் மழைக்காலங்களும்தான். என் முடிவு முழுக்க இதை வைத்துத்தான்.

ஃபிலிம் ஒட்டுவது சோப்புத் தண்ணீரில். கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இருக்கும் தண்ணீரை ஸ்க்வீஜீயால் (ரப்பர் விளிம்புள்ள தள்ளுகட்டை) எவ்வளவு தள்ளினாலும் கொஞ்சம் தங்கும். அது ஃபிலிம் வழியாகவே மெல்ல ஆவியாகிப் போக வேண்டும், அப்போதுதான் பசை கண்ணாடியை முழுதாகப் பிடிக்கும். கோவை வெயிலில் அது சில நாள் வேலை. இங்கே, காற்றே ஈரமாக இருக்கும் ஊரில், வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் ஒரு மாதம்கூட. காலையில் ஒட்டிய வண்டியை மாலையே மேட்டுப்பாளையம் தாண்டி 14 கொண்டை ஊசி ஏற்றிக் கொண்டுவந்து பனியில் நிறுத்தினால், கீழே காயத் தொடங்கியது மேலே வந்து நின்றுவிடுகிறது. கடையில் "ரெண்டு நாள் கண்ணாடியை இறக்காதீங்க சார்" என்று சொல்லி அனுப்பினார்கள். அது கோவைக்கான கணக்கு. மச்சான் மூன்றாம் நாள் வெலிங்டனில் யாரிடமோ பேசக் கண்ணாடியை இறக்கினார், கீழ் ஓரம் பீடிங்கில் (கண்ணாடி ஏறி இறங்கும் இடத்து ரப்பர் பட்டை) மாட்டி மடங்கிக்கொண்டது.

கடைக்கு போன் செய்தால் நல்ல விதமாகத்தான் பேசினார்கள். "அடுத்த தடவை கீழே வர்றப்ப வண்டியைக் கொண்டு வாங்க சார், மாத்தித் தர்றோம்." வாரண்டியும் இருக்கிறது. ஆனால் விரல் அகலம் மடங்கிய ஓரத்துக்காக கோவை வரை இறங்கி ஏற யாருக்கு மனது வரும்? மடங்கிய இடத்தில் தினமும் பனித் தண்ணீர் இறங்கும், அழுக்கு ஏறும், மடிப்பு மேலே நகரும். இப்போது அந்தக் கதவில் ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

என் வண்டியிலும் ஓரம் கிளம்பியது, பின் இடது கதவில். பீடிங்கின் உள்பக்க வெல்வெட் பட்டை வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஈரமாகவே இருக்கும், கண்ணாடி ஏறி இறங்கும்போதெல்லாம் ஓரத்தைத் தேய்க்கும். மலை வண்டிகளுக்கு இது வந்தே தீரும், யார் ஒட்டினாலும் வரும். வித்தியாசம் அடுத்து என்ன செய்கிறோம் என்பதில்தான். மிச்சம் வைத்திருந்த சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டி அந்த ஒரு கதவை மட்டும் மாற்றினேன். மற்ற மூன்றையும் தொடவில்லை. யாரிடமும் நேரம் கேட்கவில்லை. துணி தைத்தவளுக்கே ஒட்டுப் போடுவது எளிது என்பார்களே, அந்த மாதிரிதான்.

நாமே ஒட்டுவதில் இன்னொரு லாபம், ஒட்டும் நாளை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு. ஜனவரியில் உறைபனி. ஏப்ரல், மே கோடை மழையும் டூரிஸ்ட் நெரிசலும். பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும்தான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. கொடைக்கானல்காரர்களுக்கும் இதே கணக்கு ஏறக்குறையப் பொருந்தும்.

வேலையில் கவனிக்க வேண்டியவை சில. கண்ணாடியின் உள்பக்கத்தைப் புது பிளேடால் ஈரமாகச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும், பீடிங் இடுக்கையும் சேர்த்து. ஷெட் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்க வேண்டும். தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பூ போதும். முதலில் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஃபிலிமை வைத்து, கொஞ்சம் பெரிதாக வெட்டி, வளைவுக்கு ஹீட் கன் காட்டிச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் லைனரை (பசையை மூடியிருக்கும் தாளை) உரித்து, பசைப்பக்கம் தாராளமாக நனைத்து, உள்ளே ஏற்றுவது. மேல் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மூலைகளை உருட்டி வெட்டினால் ஓரம் சீக்கிரம் கிளம்பாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுக்க வேண்டும். கீழ்ப்பகுதியைக் கடைசியில், கண்ணாடியை முழுக்க ஏற்றி வைத்து, பீடிங்குக்குக் கீழே செருக வேண்டும். இந்த இடத்தில்தான் பொறுமை தேவை.

ஒட்டிய பிறகு பால் படிந்தது போலத் தெரியும், சின்னத் தண்ணீர்க் கொப்புளங்கள் இருக்கும். ஊசியால் குத்தாதீர்கள். தண்ணீர்க் கொப்புளம் தானே போய்விடும், தூசி உள்ள கொப்புளம் மட்டும்தான் தங்கும். பத்து நாளாவது கண்ணாடியை இறக்கக் கூடாது. நான் கதவு ஸ்விட்ச்கள் மேல் டேப் ஒட்டி வைத்தேன். தினமும் ஓட்டும்போது ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டேன், ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். காலை வெயில் படும் திசையில் வண்டியை நிறுத்தினேன். இதையெல்லாம் கடை நமக்காகச் செய்யாது, செய்யவும் முடியாது.

பராமரிப்பில் ஒன்று இருவருக்கும் பொது. மலையில் காலையில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்த்திருக்கும், கைக்குக் கிடைத்த பனியன் துணியால் துடைப்பது எல்லோருக்கும் பழக்கம். ஃபிலிம் ஒட்டிய பிறகு மைக்ரோஃபைபர் துணி மட்டுமே. அம்மோனியா கலந்த கிளீனர் கூடாது, சாய ஃபிலிம் அதில் கெட்டுப்போகும்.

கடைக்குப் போக வேண்டிய இடங்களும் உண்டு. பெரிய வளைவுள்ள கண்ணாடியில் ஃபிலிமைச் சுருக்குவது தனிக் கை வேலை, வீட்டில் எடுக்காதீர்கள். பெரிய எஸ்.யூ.வி. கதவுகளை நான் ஒட்டிப் பார்த்ததில்லை, சின்ன ஹேட்ச்பேக் அனுபவத்தை வைத்தே இவ்வளவும் சொல்கிறேன். விலை கூடிய செராமிக் ஃபிலிம் வாங்குபவர்கள் ஒரு வெட்டு தவறினால் வரும் நஷ்டத்தை யோசித்துக் கடையில் கொடுப்பதே நல்லது. மெட்டல் கலந்த ஃபிலிம் எங்கே ஒட்டினாலும் வேண்டாம் என்பேன், அது போன் சிக்னலைக் குறைக்கும், பள்ளத்தாக்கில் ஏற்கெனவே ஒரு கோடு சிக்னல்தான் இருக்கிறது.

பின் கண்ணாடியை மட்டும் நீங்களும் ஒட்டாதீர்கள், கடையையும் ஒட்ட விடாதீர்கள். அங்கே டிஃபாகர் கோடுகள், அதாவது சூடாகிப் பனிப்படலத்தை நீக்கும் கம்பிக் கோடுகள் இருக்கின்றன, மலையில் தினம் காலையில் அதைப் போடாமல் வண்டி எடுக்க முடியாது. என்றாவது ஃபிலிமை உரிக்கும்போது அந்தக் கோடுகளும் சேர்ந்து வந்துவிட்டால், கண்ணாடியையே மாற்ற வேண்டிவரும்.