ஏற்காடு அடிவாரத் தச்சுப் பட்டறையில் செய்வித்த ‘காவேரி’ கப்பல் மாதிரி

சேலத்தில் நான் பணிபுரியும் பள்ளியின் வரலாற்று வகுப்புக்காக, ஏற்காடு அடிவாரத்தில் உள்ள சிறு தச்சுப் பட்டறை ஒன்றில் இந்தியக் கடற்படையின் ‘காவேரி’ போர்க்கப்பலின் மர மாதிரியைச் செய்யக் கொடுத்திருந்தேன். நான்கு மாதங்கள் கழித்துச் சென்ற வாரம் அது கைக்கு வந்தது. மேட்டூர் அணையை ஆண்டுதோறும் சுற்றிப் பார்க்கும் எங்கள் பிள்ளைகள், அதே ஆற்றின் பெயரைத் தாங்கிய கப்பல் ஒன்று இரண்டாம் உலகப் போரில் காவல் பணி செய்ததையும் அறிய வேண்டும் என்று விரும்பினேன்.

கப்பலின் நீளம் ஏறத்தாழ 91 மீட்டர். மாதிரியின் நீளம் 91 சென்டிமீட்டர். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தில் உடற்பகுதியை இழைத்திருக்கிறார்கள். விரலால் தடவினால் ஓரிடத்திலும் பிசிறு தட்டவில்லை. முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக, 4 அங்குல இரட்டைக் குழல் பீரங்கிகள் மூன்றும் சுழல்கின்றன. விமானங்களையும் சுட வேண்டியவை என்பதால் குழல்கள் மேல்நோக்கி உயரவும் செய்கின்றன.

ஆனால் முதலில் காட்டிய மாதிரியின் பின்தளம் வெறுமையாக இருந்தது. இதை நான் பெரிய குறையாகவே கருதினேன், ஏனெனில் காவல் கப்பலின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. ஒலியலை கொண்டு நீர்மூழ்கியைத் தேடும் கருவி, கப்பல் அதன் தலைக்கு மேல் நெருங்கும் கடைசிக் கணங்களில் தடத்தை இழந்துவிடும். ஆகவே, குறித்த ஆழத்தின் நீரழுத்தத்தில் வெடிக்கும் குண்டுகளைப் பின்புறத்திலிருந்து உருட்டிவிட்டும் இருபக்கமும் எறிந்தும் நீர்மூழ்கி இருக்கக்கூடிய பரப்பையே வளைத்துத் தாக்குவார்கள். இதே வகைக் கப்பல்களைக் கொண்ட பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் வாக்கரின் அணி, 1944 ஜனவரி இறுதியில் தொடங்கிய ஒரே பயணத்தில் 6 ஜெர்மானிய நீர்மூழ்கிகளை அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. இவற்றையெல்லாம் விளக்கிப் படங்களையும் கொடுத்தபோது, தச்சர் பொறுமையாகக் கேட்டு, குண்டுத் தண்டவாளங்களையும் எறிகருவிகளையும் கூடுதல் கூலி வாங்காமல் செய்து பொருத்தினார். அந்தப் பொறுமைக்காகவே இப்பட்டறையை மனமாரப் பரிந்துரைப்பேன்.

பித்தளைத் தகட்டில் எழுத்துகள் தெளிவாக உள்ளன. ஸ்காட்லாந்தில் ‘யாரோ’ (Yarrow) என்ற பெயருடைய கப்பல் கட்டும் நிறுவனம் கட்டிய இக்கப்பல் 1943இல் பணியில் சேர்ந்து, இந்தியப் பெருங்கடலில் வணிகக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்றதும், 1947 அக்டோபரில் ஜுனாகட் சமஸ்தானம் பாகிஸ்தானுடன் இணைவதாக அறிவித்ததால் எழுந்த நெருக்கடியின்போது குஜராத்தின் கத்தியவார் கடற்கரைக்குச் சென்றதும், 1961 டிசம்பரில் கோவா நடவடிக்கையில் பேட்வா, பியாஸ் கப்பல்களுடன் இருந்ததும் அதில் இடம்பெற்றுள்ளன. போர்க்காலத்தில் ‘ஸ்லூப்’ எனப்பட்ட இவ்வகைக் கப்பல்கள் பிற்காலத்தில்தான் ‘ஃபிரிகேட்’ என வகைப்படுத்தப்பட்டன. போர்க்காலத் தோற்றத்தில் அமைந்த மாதிரியின் தகட்டில் ‘ஃபிரிகேட்’ என்று மட்டும் பொறித்திருப்பதை மாற்றித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணாடிப் பெட்டியைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். கொடிமரத்தின் மெல்லிய கம்பி கை பட்டாலே வளைகிறது. பள்ளியில் வைப்பவர்கள் பெட்டி தயாரான பின்னரே மாதிரியை எடுத்துச் செல்வது நல்லது.