டைமிங் பெல்ட் மாட்டும்போது டீ போட உள்ளே போகாதீர்கள்

எங்களுடையது 2007 மாடல் இண்டிகா டீசல். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டின் பக்கத்து ஆயில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கசிந்துகொண்டிருந்தது. எண்ணெய் சொட்டி, பிஸ்டனும் வால்வும் நேரம் தப்பாமல் இயங்க வைக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். சீல் விலை சொற்பம்தானே என்று நானும் பெரியப்பா மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே பிரித்தோம். பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம், டீசல் பம்ப் மூன்று புல்லிக்கும் நேராக அதன் முதுகில் பையனின் ஒயிட்னரால் கோடு போட்டுக்கொண்டேன்.

சீல் நன்றாகவே உட்கார்ந்தது. பெல்ட்டைத் திரும்ப ஏற்றும்போதுதான் வால்வு ஸ்பிரிங் தள்ளி கேம் புல்லி சடக்கென்று துள்ளியது. இருவருக்கும் தைரியம் போய்விட்டது. தெரிந்தவர் கொடுத்த எண்ணில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

வந்தவர் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, "எண்ணெய் ஊறிருச்சுங்க, புதுசுதான் போடணும். டென்ஷனர் பேரிங்கும் மாத்திரலாம்" என்றார். டென்ஷனர்தான் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை. நியாயமான பேச்சு. பொருளோடும் கூலியோடும் 4,200 ரூபாய் என்று பேசி முடித்தோம். சாயங்காலம் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். டீ கேட்டார். போட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் கவர் மாட்டியாகிவிட்டது! அடுத்த நிமிடமே சாவியைத் திருகிவிட்டார். வண்டி தயங்கித் தயங்கிப் பிடித்தது, வெள்ளைப் புகை, கடகடவென்று ஒரு சத்தம். கேட்டதற்கு, "டீசல் வண்டின்னா அப்படித்தானுங்க, ஓட ஓட செட்டாயிரும்." பழைய பெல்ட் எங்கே என்றேன். பிசுக்கு ஒட்டும் என்று பையில் போட்டுக்கொண்டாராம். காலிப் பெட்டிகளை மட்டும் என் கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் கோவை போகும் வழியில், விஜயமங்கலம் டோல் தாண்டியதும் எஞ்சின் பட்டென்று நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தால் எதிர்ப்பே இல்லாமல் காற்றாகச் சுற்றுகிறது. கட்டி இழுத்துக்கொண்டு பெருந்துறையில் ஒரு பட்டறைக்குப் போனோம்.

அங்கே பெரியவர் ஒருவர் கவரைக் கழற்றினார். பெல்ட்டில் என் ஒயிட்னர் கோடுகள். பெட்ரோலில் துடைத்திருக்கிறார்கள், ஆனால் ஓரத்தில் வெள்ளை அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பெல்ட்டின் முன் ஓரம் பின்னால் போகும்படி திருப்பி மாட்டியிருந்ததால் எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. டென்ஷனர் பேரிங்கும் பழையதுதான். விரலால் சுழற்றினால் மணல் அரைப்பது போல நரநரவென்றது. இழுப்பு போதாமல் பெல்ட் பல் தாவியிருக்கிறது. டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது வால்வுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு; நேரம் தப்பினால் முட்டிவிடும். வால்வுகள் இருக்கும் ஹெட்டை இறக்கினால் எட்டு வால்வில் ஐந்து வளைந்திருந்தன. லேத் வேலை, கேஸ்கட், கூலி என்று பில் 23,000 ரூபாய்.

அந்த மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "நீங்களே பிரிச்ச வண்டிங்க, நீங்க என்ன பண்ணி வச்சீங்களோ" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. வீட்டில் கைவைத்த வண்டி என்றால் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நான் கோடு போட்டிருக்காவிட்டால் நானே அதை நம்பியிருப்பேன்.

பெரியவர் மாட்டியதைப் பக்கத்தில் நின்றே பார்த்தேன். மூன்று மார்க்கையும் சேர்த்து, டென்ஷனரை இறுக்கி, சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு (காற்று வெளியேறிச் சுற்றுவது லேசாகும்), கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினார். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடியும், அதனால்தான் இரண்டு. நடுவில் எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கையால் முட்டினால் வால்வு தப்பும், ஸ்டார்ட்டரில் முட்டினால் தப்பாது. சுற்றி முடித்து மார்க்குகள் பழைய இடத்துக்கே வந்ததைக் காட்டிய பிறகுதான் சாவியைக் கேட்டார். இந்தப் பத்து நிமிட வேலையைத்தான் அந்த ஆள் செய்யவில்லை.

புது பெல்ட்டின் மேல் அச்சடித்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். பழையது இப்போது என் ஷெட்டில் ஆணியில் தொங்குகிறது. அந்த ஆளின் எண் வேண்டும் என்று எதிர்வீட்டு அண்ணன் போன வாரம் கேட்டார். எண்ணைக் கொடுக்கவில்லை, ஷெட்டுக்குக் கூட்டிப்போனேன்.