எல் சித், வில்லியம் மார்ஷல்: விசுவாசத்தின் இரு வழிகள்

சோறிட்ட தலைவர் ஒருவராக இருக்கும்வரை செஞ்சோற்றுக்கடன் தீர்ப்பதில் பெரிய குழப்பம் இல்லை. தலைவர்கள் இருவராகி அவர்களுக்கிடையே போரும் மூண்டுவிட்டால் யார் பக்கம் நிற்பது என்ற கேள்விதான் மத்திய கால ஐரோப்பியக் குதிரைவீரர்களை வாட்டியது. அதற்கு வெவ்வேறு விடை கண்ட இருவரை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 11ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் எல் சித் என்று பெயர் பெற்ற ரோட்ரிகோ தியாஸ், அவர் இறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தில் பிறந்த வில்லியம் மார்ஷல். உலகப் புகழில் முன்னவரே பெரியவர். கொடுத்த வாக்கைக் கையாண்ட விதத்தில் என் ஆதரவு பின்னவருக்கு. ஆயினும் அதை முழுமனதோடு அளிக்க முடியவில்லை.

1065இல் லெயோன், கஸ்தீல் பகுதிகளை ஆண்ட அரசர் முதலாம் ஃபெர்னாண்டோ இறந்தபோது அவருடைய அரசு மூன்று மகன்களுக்கிடையே பிரிந்தது. ரோட்ரிகோ கஸ்தீலைப் பெற்ற சாஞ்சோவின் ஆள். 1072இல் சாஞ்சோ தம் தம்பி அல்ஃபோன்சோவை வென்று லெயோனிலிருந்து துரத்தினார். அதே ஆண்டு அக்டோபரில் சமோரா நகருக்கு வெளியே சாஞ்சோ கொலையுண்டதும், நேற்றுவரை எதிரியாக இருந்த அல்ஃபோன்சோவே ரோட்ரிகோவுக்கும் அரசரானார். அண்ணன் கொலையில் தமக்குப் பங்கில்லை என்று புதிய அரசரை ரோட்ரிகோ சத்தியம் செய்யவைத்ததாகச் சொல்லப்படுவது பிற்காலக் கதை. மேடைக்குப் பொருந்துமே தவிர வரலாற்றில் அதற்கு இடமில்லை. அவர் அமைதியாகப் புதிய அரசரின் பணியில் தொடர்ந்தார், 1079இல் அவருக்காகத் திறை வாங்க செவில்யாவுக்குச் சென்றார், 1081இல் தொலேதோவின் நிலப்பகுதிக்குள் அனுமதியின்றிப் படைநடத்தியதால் நாடுகடத்தப்பட்டார்.

அதன் பிறகு அவர் எடுத்த முடிவுதான் இந்த ஒப்பீட்டின் சுவையான பகுதி. சரகோசாவின் முஸ்லிம் அரசரிடம் போய்ச் சேர்ந்த ரோட்ரிகோ, கணிதத்தில் நூல் இயற்றும் அளவுக்குப் புலமை பெற்றிருந்த அல்-முஃதமனின் படைத்தலைவராக, 1082இல் அல்மெனாரில் பார்சலோனாவின் கிறிஸ்தவப் பிரபுவைச் சிறைப்பிடித்தார். 1084இல் அரகோன் அரசரையும் தோற்கடித்தார். சிலுவைக்கும் பிறைக்கும் இடையே கோடு கிழித்து அவரை ஒரு பக்கத்தில் நிறுத்திய பிற்காலத்தவர்கள் இந்த ஆண்டுகளை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து ஸ்பெயினில் முஸ்லிம் அரசர்கள் கிறிஸ்தவ அரசர்களுக்குத் திறை கொடுத்தார்கள், கிறிஸ்தவ வீரர்கள் முஸ்லிம் அரசர்களிடம் ஊதியம் பெற்றார்கள். இதில் யாருக்கும் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

பின்னர் அல்ஃபோன்சோ அவரை மீண்டும் ஏற்றுக்கொண்டார். ஆனால் முற்றுகையில் சிக்கிய அலேதோ கோட்டையைக் காக்கச் சென்ற அரசரின் படையோடு அவர் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்பதால் இரண்டாம் முறையும் தண்டிக்கப்பட்டார்; மனைவி ஹிமேனாவும் பிள்ளைகளும் சிறிது காலம் சிறைவைக்கப்பட்டார்கள். தாம் துரோகி அல்ல என்று நான்கு வடிவங்களில் சத்தியம் எழுதி, எது வேண்டுமோ அதை ஏற்றுக்கொள்ளும்படி அவர் அனுப்பியதை லத்தீன் மொழியில் எழுதப்பட்ட அவருடைய வரலாறு பதிவுசெய்கிறது. அரசர் எதையும் ஏற்கவில்லை. அவ்வளவு சத்தியம் செய்த அதே மனிதர் 1092இல் அல்ஃபோன்சோவின் ஆளுகையில் இருந்த ரியோகாவைச் சூறையாடினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவருடைய விசுவாசம் அரசரின் நடத்தையைப் பொறுத்து ஏறி இறங்கிய ஒன்று என்று கொள்ளவே தோன்றுகிறது.

மார்ஷலின் கணக்கு வேறு. 1189இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றிக்கு எதிராக அவருடைய மகன் ரிச்சர்ட் பிரெஞ்சு அரசரோடு சேர்ந்து எழுந்தபோது, வயதான அரசரின் பின்வாங்கலைக் காத்து நின்ற மார்ஷல், துரத்தி வந்த ரிச்சர்டைக் கொல்லாமல் அவருடைய குதிரையை மட்டும் குத்தி வீழ்த்தினார். சில வாரங்களில் ஹென்றி இறந்து ரிச்சர்ட் அரசரானதும், தம்மை வீழ்த்தியவரைத் தண்டிக்காமல், பெரும் நிலங்களுக்கு வாரிசான இசபெல் த கிளாரை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். இந்தக் காட்சியை நமக்குச் சொல்வது மார்ஷலின் மூத்த மகன் ஏற்பாட்டில் எழுதப்பட்ட 19,000 அடிகளுக்கு மேற்பட்ட பிரெஞ்சுச் செய்யுள் என்பதால் சற்று மெருகு ஏறியிருக்கலாம். தலைவர் உயிரோடிருக்கும்வரை அவர் பக்கம், அவருக்குப் பின் சட்டப்படி வந்தவர் பக்கம் என்ற அவருடைய வழக்கம் மட்டும் அதில் தெளிவாகத் தெரிகிறது.

அந்த வழக்கத்தைச் சோதித்தது 1204இல் இங்கிலாந்து அரசரிடமிருந்த நார்மண்டி பிரான்ஸின் கைக்குப் போன நிகழ்ச்சி. கடலின் இருபுறமும் நிலம் வைத்திருந்த பிரபுக்கள், ரிச்சர்டுக்குப் பின் இங்கிலாந்தின் அரசரான அவருடைய தம்பி ஜான், பிரான்ஸின் பிலிப் என்ற இரு அரசர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்க, மார்ஷல் 1205இல் தம் நார்மண்டி நிலங்களுக்காகப் பிலிப்பின் முன் மண்டியிட்டு வாக்களித்தார். அந்த வாக்கைக் காட்டி, பிலிப்புக்கு எதிரான படையெடுப்பில் ஜானோடு செல்லவும் மறுத்தார். ஜான் அதைத் துரோகம் என்றார். என் பார்வையில் அது துரோகம் அல்ல என்றாலும் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ள வீரநெறியை நன்கு வளைத்த செயல். ரோட்ரிகோவின் சரகோசா ஆண்டுகளில் இதைவிட நேர்மை அதிகம்.

மார்ஷலின் பக்கம் என்னைச் சாய்ப்பது அவருடைய கடைசி ஆண்டுகள். 1216 அக்டோபரில் ஜான் இறந்தபோது வாரிசுக்கு வயது 9; லண்டன் பிரெஞ்சு இளவரசர் லூயியின் கையில்; பிரபுக்களில் பெரும்பகுதியினர் அவர் பக்கம், மார்ஷலின் மூத்த மகனும் அவர்களில் ஒருவர். ஏறத்தாழ 70 வயதில் அரசக் காப்பாளர் பொறுப்பை ஏற்ற மார்ஷல், அரச அதிகாரத்துக்கு வரம்பிட்டதும் ஜான் கைவிட்டிருந்ததுமான மகா சாசனத்தை (மாக்னா கார்ட்டா) திருத்தி மறுபடியும் வெளியிட்டு எதிரணியின் காரணத்தைப் பறித்தார், 1217 மே 20 அன்று லிங்கனில் நேரடியாகப் போரிட்டு வென்றார், செப்டம்பரில் லூயிக்கு 10,000 மார்க் பணம் கொடுத்து அனுப்பிவைத்துக் கலகக்காரர்களின் நிலங்களைத் திருப்பித் தந்தார். எல் சித் 1094இல் கைப்பற்றிய வலென்சியாவில் நடந்ததை இதன் அருகே வைத்துப் பார்க்கலாம்: சரணடைந்த நகரத்தின் தலைவர் இப்னு ஜஹ்ஹாஃபை மறு ஆண்டு உயிரோடு எரித்தார், 1098இல் பெரிய பள்ளிவாசல் தேவாலயமானது, அவர் இறந்து மூன்றே ஆண்டுகளில், 1102இல், நகரத்துக்குத் தீயிட்டுவிட்டுக் கிறிஸ்தவர்கள் வெளியேறினார்கள்.

எனினும் மார்ஷல் சமாதானம் செய்துகொண்டவர்கள் அவரைப் போலவே பிரெஞ்சு பேசிய, அவரோடு உறவும் திருமணமும் கொண்ட பிரபுக்கள். மொழியும் சட்டமும் வேறான மக்களிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு மனைவி வழியாக வந்த அயர்லாந்தின் லென்ஸ்டர் நிலம் சாட்சி. ஃபெர்ன்ஸ் நகர ஐரிஷ் ஆயர் தம் திருச்சபைக்குரிய இரண்டு பண்ணைகளை மார்ஷல் பறித்துக்கொண்டார் என்று அவரைச் சபையிலிருந்து விலக்கினார். 1219இல் மார்ஷல் இறந்த பிறகும் அந்த நிலம் திரும்பவில்லை.